அம்மா செவப்பு, மக கருப்பு: தோட்டத்துக் கதையில வாசனை, தொடுதல் எல்லாம் எப்படிக் கொண்டு வர்றது?

மூனாவது லயம்:

வணக்கம் எல்லாருக்கும். சிறுகதை ஒன்னு எழுதிக்கிட்டு இருக்கேன், ரொம்ப நாளா ஒரே எடத்துல நின்னு போச்சு, அதான் இங்க வந்து கேக்குறேன். கதை மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல நடக்குது, 1986. அம்மா மரம் வெட்டுறவங்க, அதாவது பட்டையக் கீறி ரப்பர் பால் எடுக்குறவங்க, நல்ல செவப்பு. மூத்த மக அப்பாவப் பெத்த பாட்டி மாதிரி கருப்பு, எளையவ அம்மா நிறம். அம்மா கெட்டவங்க இல்ல, அடிக்கிறவங்களும் இல்ல, ஆனா மூத்தவ நிறத்த அவங்களால சும்மா விட முடியல. எப்பப் பாத்தாலும் மஞ்சள், கடலமாவு, வெயில்ல நிக்காத, போட்டோ புடிக்கும்போது பின்னால போ. கதைய சொல்றது அந்த மூத்தவ, எட்டு வயசு.

படிச்சுப் பாத்த ஃபிரெண்டு ஒருத்தி சொன்னா, கதை பூரா கண்ணு மட்டும்தான் இருக்கு, கருப்பு செவப்பு கருப்பு செவப்புன்னு பெயிண்ட் கடை மாதிரி இருக்குன்னு. சரின்னு திரும்பப் போயி பாரா பாராவா வாசனைய சேத்தேன். இப்ப அது இன்னும் மோசமா இருக்கு. நீங்களே பாருங்க:

"அம்மா சந்தனக் கட்டை நிறம். நான் நிலா இல்லாத ராத்திரி. அம்மா மஞ்சள அரைச்சு என் முகத்துல பூசினாங்க. மஞ்சள் வாசம் வந்தது. வெளியே மழை வாசம். அடுப்பில் சாம்பார் வாசம். வாசலில் மல்லிகை வாசம். நான் கண்ணாடியில் என் கருப்பைப் பார்த்து அழுதேன்."

எனக்கே படிக்க வெக்கமா இருக்கு லா. வாசனை, சத்தம், தொடுறது இதெல்லாம் அலங்காரமா தொங்காம கதைக்குள்ளயே வரணும்னா என்ன பண்றது? அப்பறம் அம்மாவ வில்லி ஆக்காம எழுதணும், அது முக்கியம். தோட்டத்துல இருந்தவங்க யாராவது இருந்தா விவரமும் சொல்லுங்க, நான் பொறந்ததே டவுன் பிளாட்டுலதான், தோட்டம் எல்லாம் பெரியவங்க பேசிக் கேட்டதுதான்.

கித்தாகாட்டு அக்கா:

தங்கச்சி, கதை எழுதுற வித்தை எனக்குத் தெரியாது, ஆனா மரம் வெட்டின கை இது, அதனால வேலைக்காட்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

மொதல்ல நேரம். 1986ன்னு போட்டிருக்கீங்க, "ஆறு மணிக்கு விடிஞ்சது"ன்னு எழுதிராதீங்க. 1982 ஜனவரி 1லேர்ந்து நம்ம நாட்டுல கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சாங்க, அதுக்கப்பறம் பேராக் பக்கம் ஏழு மணிக்கு மேலதான் மொகம் தெரியுற வெளிச்சம் வரும். ஆனா பெரட்டு, அதான் காலையில ஆள் கூப்புட்டு கணக்கெடுக்கிறது, அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாலயே முடிஞ்சிரும். வெயில் ஏறுனா பால் ஓடாது, அதான் இருட்டுலயே நெத்தி விளக்கோட மரத்துக்குப் போயிருவோம். அப்படின்னா அந்தப் புள்ள காலையில அம்மாவப் பாத்திருக்கவே மாட்டா. சத்தத்துலதான் அம்மா இருப்பாங்க. வாளி ஒன்னோட ஒன்னு இடிக்கிற சத்தம், தண்ணி மோந்து ஊத்துற சத்தம், கதவுக் கொண்டி, அப்பறம் சைக்கிள். நீங்க கண்ணு வேணாம்னு சொல்றீங்க, அங்க கண்ணுக்கு வேலையே இல்ல.

அப்பறம் அம்மா கை. கைய எழுதுறீங்கன்னா அது என்ன நாத்தம்னு தெரிஞ்சிருக்கணும். புதுப் பாலுக்குப் பெருசா வாசம் கெடையாது, லேசா ஒரு பச்ச வாடை அவ்வளவுதான். நாத்தம் எல்லாம் கட்டிப்பால்லேர்ந்து வர்றது, மரத்துல பால் விழுற கிண்ணம், அந்த மங்குலயே தங்கி ஒறைஞ்சு போனது, அத சாக்குல போட்டு வச்சா பக்கத்து லயம், அதான் பக்கத்து வரிசை வீடு, அது வரைக்கும் போகும். பால் சீக்கிரமே ஒறைஞ்சிறாம இருக்க அமோனியா ஊத்துவாங்க, அது மூக்குல ஏறி கண்ணுல தண்ணி வரவச்சிரும். ஸ்டோர்ல ஒறைய வைக்கிற ஆசிட் வேற, அது பார்மிக் ஆசிட், புளிச்ச நெடி. ரெண்டையும் ஒன்னாக் கொழப்பி எழுதுறவங்கள நெறைய பாத்திருக்கேன், எரிச்சலா வரும்.

இன்னொன்னு யாரும் எழுத மாட்டேங்குறாங்க. பால் மரத்துலேர்ந்து வரும்போது வெள்ளை வெளேர்னுதான் வரும், ஆனா துணியில பட்டுக் காஞ்சா கருத்துப் போயிரும், எந்த சவுக்காரத்துக்கும் போகாது. வேலைக்குப் போடுற சட்டையெல்லாம் அப்படித்தான் கருப்புத் திட்டாப் புடிச்சு வெறச்சுப் போயி ஆணியில தொங்கும். கையில பட்டது மெல்லிசாக் காஞ்சு ஒட்டிக்கும். அத உரிக்கிறது எங்க புள்ளைங்களுக்குப் பெரிய வெளையாட்டு. சாயங்காலம் திண்ணையில உக்காந்தா பெரியவ ஒரு கை, சின்னவ ஒரு கைன்னு புடிச்சிக்குவாளுங்க. மணிக்கட்டுப் பக்கம் முடியோட சேந்து வந்தா சுள்ளுனு இருக்கும், வெரல்லேர்ந்து நல்லா உரிஞ்சு வந்ததுல கைரேகை தெரியும்.

வேலைக்குப் போகும்போது நாங்க போட்டுக்கிறதையும் எழுதுங்க. முழுக்கைச் சட்டை, சிலுவார்ங்கிற கால்சட்டை, அதுக்கு மேல கைலி, தலைய சுத்தித் துணி, துணிக்கு மேல தொப்பி, இடுப்புல கொசுவத்தி. ஏன் இத்தனை துணின்னு கேட்டா கொசுவுக்குன்னு சொல்லுவோம். கொசுவுக்கு மட்டும் இல்ல. பெடாக் செஜோக்னு ஒரு அரிசிப் பவுடர கரைச்சு மொகத்துல அப்பிக்கிட்டு வர்றவங்களும் இருந்தாங்க, அரிசிய நாள் கணக்கா ஊற வச்சு அரைச்சு சொட்டு சொட்டா காய வச்சு எடுக்கிறது, பூசினா சில்லுனு இருக்கும், காஞ்சா மொகத்த இழுத்துப் புடிக்கும். செவப்பா இருக்கிற பொம்பள இருபது வருசம் மரம் வெட்டியும் செவப்பாவே இருந்தாங்கன்னா அது சும்மா வந்தது இல்ல, அதுக்கு அவங்க பாடுபட்டிருப்பாங்க.

தே ஓ கோசோங்:

அக்கா சொன்ன கடைசி வரியிலயே உங்க அம்மா கேரக்டர் இருக்கு மூனாவது லயம், அத விட்றாதீங்க. மக மேல பண்றத எல்லாம் அவங்க தன் மேலயே மொதல்ல பண்ணிக்கிட்டவங்க.

நான் வேற ஒரு விஷயம் சொல்றேன். நிறம்ங்கிறது பாக்குறவங்களுக்குத்தான். அந்தத் தோலுக்குள்ள இருக்கிறவளுக்கு நிறம் தெரியாது. யோசிச்சுப் பாருங்க, எட்டு வயசுப் புள்ள மணல்ல வெளையாடும்போது, தூங்கும்போது, சாப்புடும்போது அவளுக்கு தான் கருப்புங்கிற நெனப்பு எங்கேர்ந்து வரும்? அவளுக்குத் தெரியுறது தோல் சுடுது, அரிக்குது, குளுருது, யாரோ தொடுறாங்க, இவ்வளவுதான். "கருப்பு" வெளியேர்ந்து வந்து சேருது, அம்மா வாய் வழியா, கை வழியா. நீங்க என்ன பண்றீங்க, அவள கண்ணாடி முன்னால நிக்க வச்சு அவளையே அவளுக்குப் பாக்குறவங்களா ஆக்கிர்றீங்க. அதுதான் எழுத்து செத்துப் போற எடம். கண்ணாடிய எடுத்துருங்க. கதையில கண்ணாடியே வேணாம்.

அப்ப அவளுக்கு எப்படித் தெரியும்? கை வேகத்துல தெரியும். அம்மா ரெண்டு பேருக்கும் தலை சீவி விடுறாங்க, ரெண்டு பேருக்கும் எண்ண வைக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் பவுடர் போடுறாங்க. ஒருத்தி மொகத்துல அந்தக் கை ஓய்வா வழுக்கிக்கிட்டுப் போகுது, இன்னொருத்தி மொகத்துல ஏதோ வேலை முடிக்கணும்னு தேய்க்குது. ஒரே எண்ண, ஒரே பவுடர், ஒரே கை. அந்த வித்தியாசத்த புள்ளைங்க நிமிசத்துல கண்டுபுடிச்சிருங்க, பேரு சொல்லத் தெரியாது அவ்வளவுதான். "அம்மா என்னை வெறுத்தாங்க"ன்னு எழுதவே வேணாம், காதுக்குப் பின்னாலயும் கழுத்து மடிப்புலயும் அழுத்தித் தேய்க்கிற கட்டை வெரல் போதும்.

காதுக்கும் வேலை குடுங்க. வீட்டுக்கு யாராவது வந்தா அம்மா குரல் மாறும் பாருங்க, சின்னவளக் கூப்புடும்போது ஒரு இழுவை, பெரியவள "தண்ணி கொண்டா"ன்னு சொல்லும்போது அது இல்ல. அவ உள்ள சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கா, மொகம் யாரோடதும் தெரியல, தட்டுல முறுக்கு ஒடிக்கிற சத்தம், நடுவுல ஒரு பொம்பள குரலத் தாழ்த்துது. தாழ்த்தின குரல்ல என்ன சொன்னாங்கன்னு நீங்க எழுதவே வேணாம்.

அப்பறம் அந்த சந்தனக் கட்டை, நிலா இல்லாத ராத்திரி, தூக்கிப் போடுங்க. நாவப்பழம், கருப்பட்டி, சாக்லேட் இதெல்லாமும் வேணாம், அடுத்த டிராஃப்ட்ல அதத்தான் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். கருப்பான பொண்ணுன்னாலே உடனே இனிப்பு ஏதாவது கையில குடுத்து சமாதானப்படுத்துற பழக்கம் நம்ம எழுத்துல ரொம்ப இருக்கு. சின்னவள யாரும் இப்படி ஆறுதல் சொல்லி வர்ணிக்கிறது இல்லையே.

மழை வாசம், மல்லிகை வாசம் இதுல என்ன கோளாறுன்னா யாரு மூக்குன்னு தெரியல. எல்லார் கதையிலயும் மழை வாசம் இருக்கு. உங்க புள்ளைக்கு மழைன்னா என்ன? அத அக்காகிட்டதான் கேக்கணும்.

லாபிஸ் பையன்:

இப்பல்லாம் யாருங்க நிறம் பாக்குறா, பழைய கதை, புதுசா ஏதாவது எழுதுங்க.

கித்தாகாட்டு அக்கா:

தம்பி, கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுற வாட்சாப் குரூப்பு ஒன்னுல சேந்து ஒரு வாரம் இருந்து பாருப்பா, அப்பறம் பேசுவோம்.

தே ஓ கேட்டதுக்கு: மழைன்னா வெட்டு இல்ல. மரம் நனைஞ்சிருந்தா கோடு போட முடியாது, போட்டாலும் பால் பட்டை வழியா வழிஞ்சு போயிரும், மங்குல விழாது, விழுந்தாலும் மழைத்தண்ணியோட சேந்து வீணாப் போயிரும். வெட்டு இல்லன்னா அன்னைக்கு சம்பளமும் இல்ல. தகரக் கூரையில ராத்திரி மழை விழுற சத்தம் கேட்டா புள்ளைங்களுக்கு ஜாலி, அம்மா வீட்டுல இருப்பாங்க. அம்மாவுக்கு அந்த சத்தத்துல தூக்கம் வராது, சீனன் கடை கணக்கு மனசுல ஓடும். மஞ்சள் அரைக்கிறது, எண்ண தேச்சுக் குளிப்பாட்டுறது இந்த மாதிரி மெனக்கெட்ட வேலையெல்லாம் அன்னைக்குத்தான் நடக்கும், வேற நாள்ல யாருக்கு நேரம் இருக்கு. கை சுத்தமா இருக்கிறதும் அன்னைக்குத்தான்.

பார்மசி பொண்ணு:

இந்தத் திரடு ரொம்ப புடிச்சிருக்கு. நான் கிளினிக் மருந்துக் கவுன்டர்ல இருக்கேன், அதனால க்ரீம் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி கதையில கட்டாயம் ஒரு க்ரீம் டப்பா வந்துரும்.

ஃபேர் அண்ட் லவ்லி இந்தியாவுல 1975ல வந்துச்சு, 2020ல பேர குளோ அண்ட் லவ்லின்னு மாத்துனாங்க. 1986 தோட்டத்துல அத வைக்கணும்னா அது எப்படி அந்த வீட்டுக்கு வந்துச்சுன்னும் ஒரு வரி வைங்க, டவுனுக்குப் போயி வாங்கிட்டு வந்ததா, ஊருக்குப் போன யாராவது பெட்டியில கொண்டு வந்ததா. சும்மா அலமாரியில இருந்துச்சுன்னு எழுதுனா அந்த வீட்டுக் காசுக் கஷ்டம் அடிபட்டுப் போயிரும். மஞ்சள், கடலமாவு, பெடாக் செஜோக், குட்டிகூரா பவுடர் இதெல்லாம் கையில இருக்கிற சாமான், க்ரீம் செலவு. சம்பளமே இல்லாத மழை வாரத்துல அம்மா அந்த செலவ செஞ்சாங்கன்னா அது வேற கதை ஆயிருது, நல்ல கதையாக்கூட ஆகலாம்.

இப்ப காலத்துக்குக் கதைய இழுத்துட்டு வந்தீங்கன்னா வேற சங்கதி. ஆன்லைன்ல, பசார் மாலாம்ங்கிற ராத்திரிச் சந்தையில விக்கிற லேபிள் ஒழுங்கா இல்லாத வெள்ளைப்படுத்துற க்ரீம்ங்க. சுகாதார அமைச்சுக்குக் கீழ இருக்கிற என்பிஆர்ஏ, மருந்து, அழகுப்பொருள் எல்லாம் கண்காணிக்கிற அமைப்பு, ஆகாத பொருள் கலந்த க்ரீம்னு அப்பப்ப லிஸ்ட் போடுறாங்க, பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் இந்த மூனும்தான் திரும்பத் திரும்ப மாட்டும். பாதரசத்தக் கட்டுப்படுத்துற மினமாட்டா ஒப்பந்தம் 2013ல வந்தது, அதுல அழகுப்பொருள்ல பாதரசம் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாது, 2020ஓட நிறுத்தணும்னு சொல்லியிருந்தாங்க, இன்னும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கு. பாதரசம் கிட்னியக் கெடுக்கும். புள்ளையத் தூக்கி கொஞ்சுற அம்மா மொகத்துல பூசியிருந்தா அது புள்ளை மேலயும் ஒட்டும், இத ஏன் சொல்றேன்னா அம்மா-மக கதைக்கு இதவிடக் கிட்டத்துல ஒரு விஷயம் கெடைக்காது.

தோல்ல என்ன தெரியும்னு கேட்டா, ட்ரெட்டினோயின் போட்டா மொதல்ல எரியும், செவக்கும், அப்பறம் பொடிப் பொடியா உரியும், வெயில்ல போயி நின்னா சாதாரணமாப் படுற வெயிலே சுட்டுப்புடும். செவந்து போனத "பலன் தெரியுது"ன்னு எடுத்துக்கிறவங்க இருக்காங்க. ஹைட்ரோகுவினோன் வருசக்கணக்கா போட்டா செல பேருக்கு கன்னத்துல நீலமும் கருப்புமா திட்டு விழும், அது லேசுல போகாது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறப்ப எனக்கு எது தாங்காதுன்னா, அந்த மகளக் கூட்டிட்டு வர்றது பெரும்பாலும் அம்மாதான், க்ரீம் வாங்கிக் குடுத்ததும் அம்மாதான், "இத நிறுத்திட்டா திரும்பக் கருத்துருவாளா"ன்னு கேக்குறதும் அதே அம்மாதான், அத அவ்வளவு பாசமா கேப்பாங்க.

வாத்தியார்:

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுறேன், கோவிச்சுக்காதீங்க.

வாசனை, தொடுதல்னு எல்லாரும் அள்ளிக் குடுக்கிறீங்க, அந்தப் பொண்ணு இத்தனையையும் ஒரே கதையில போட்டா வாசகனுக்கு மூக்கடைச்சுப் போயிரும். சிறுகதைக்கு ஒரு புலன் போதும், ரெண்டாவது தானா வந்தா சரி. மரம் வெட்டுன கைன்னு ஒன்னு கெடைச்சிருக்கு, அந்தக் கையோட போங்க, பாக்கிய அடுத்த கதைக்கு வைங்க.

ரெண்டாவது, அம்மா ஏன் அப்படி? இத நீங்க யாரும் முழுசாத் தொடல. தோட்டத்துல வெயில் யாருக்கு, நிழல் யாருக்குங்கிறதுதான் கணக்கு. கிராணி, அதான் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, அவர் வீட்டுப் பொம்பளைங்க நிழல்ல இருந்தாங்க, வேலைக்காட்டுப் பொம்பளைங்க வெயில்ல இருந்தாங்க. செவப்பா ஒரு பொண்ணு இருந்தா வெளியூர் மாப்பிள்ளை வருவான், டவுன்ல குடித்தனம், பெரட்டுக்கு ஓட வேணாம். அந்த அம்மாவுக்கு கருப்புங்கிறது அழகு இல்லைங்கிற சங்கதி இல்ல, மக கையிலயும் மரம் வெட்டுற உளி வந்துரும்ங்கிற பயம். தன்னோட செவப்பு தன்னை மரத்துலேர்ந்து காப்பாத்தலங்கிறது அவங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் மகளுக்கு அதையே நம்புறாங்க. இது கதையில எங்கயும் வாக்கியமா வரக் கூடாது, ஆனா எழுதுற உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அப்பதான் அம்மா வில்லி ஆக மாட்டாங்க.

அதுலேர்ந்து ஒன்னு வருது. வெயில்ல போகாதன்னு சொல்லி வளத்த புள்ளைக்கு வெயில்னா என்ன? திருட்டு சொகம். கதை பூரா வலிக்குது, எரியுது, தேய்க்குதுன்னே போனா அவ தோலுக்கு வேற அனுபவமே இல்லாத மாதிரி ஆயிரும். அம்மா காட்டுல இருக்கும்போது இவ மத்தியானம் லயத்துக்குப் பின்னால போயி சிமெண்டு மேடையில மல்லாந்து படுக்கட்டும். முதுகு சுட, கண்ண மூடுனா இமைக்குள்ள செவப்பு தெரிய, கை மேல எறும்பு ஊற. அந்த சூடு அவளோடது, யாரும் பூசி விட்டது இல்ல. என் வகுப்புல ஒரு புள்ளை இருந்துச்சு, விளையாட்டுப் போட்டிக்கு வீட்டுல விட மாட்டாங்க, கேட்டா காய்ச்சல்னு சீட்டு வரும். மைதானத்து ஓரத்துல குடை புடிச்சு நிக்கும். மத்த புள்ளைங்க வேர்வையும் புல்லுமா ஓடி வந்து பக்கத்துல விழுந்தா, தள்ளி நிக்காம கிட்டப் போயி நிக்கும். அது ஏன்னு அன்னைக்கு எனக்கு வெளங்கல.

இனி வேணாம்கிற லிஸ்ட். அம்மன் செலை கருங்கல்லு, அதுக்குப் பால் ஊத்திக் கும்புடுறாங்க, மகள மட்டும் தேய்க்கிறாங்க, இந்த ஒப்பீடு எத்தனையோ கவிதையில வந்தாச்சு, தயவுசெஞ்சு தொடாதீங்க. அதே மாதிரி அக்கா சொன்ன வெள்ளைப் பால் துணியில கருத்துப் போறது. அருமையான தகவல், அதுக்காகவே அது ஆபத்து. "வெள்ளையும் கடைசியில் கருப்பாகிறது"ன்னு யாராவது ஒருத்தர் கதையில யோசிச்சாங்கன்னா கதை அங்கயே முடிஞ்சுது. சட்டை ஆணியில தொங்கட்டும், திட்டு இருக்கட்டும், யாரும் ஒன்னும் சொல்லக் கூடாது.

கடைசியா ஒன்னு, உங்க கதை நடக்குற ஊருக்குப் பக்கத்துலயே கோலகங்சார்ல 1877ல நட்ட ரப்பர் மரம் ஒன்னு இன்னும் நிக்குது, மாவட்ட ஆபீஸ் பக்கத்துல. நீங்க மரத்த கிட்டப் பாத்ததே இல்லன்னா போயிப் பாருங்க. கதைக்கு தொட்டுப் பாக்குறதுக்கு எந்த மரமும் சரிதான், ஆனா டூர் போற சாக்குல ரொட்டி சானாயும் சாப்புட்டுட்டு வரலாம்.

தே ஓ கோசோங்:

சார் சொல்ற ஒரு புலன் சட்டம் எனக்கு ஒத்துக்கல, எட்டு வயசுப் புள்ளைக்கு எல்லாம் சேந்துதான் வரும், இது சத்தம் இது வாசம்னு பிரிக்கத் தெரியாது. ஆனா வெயில் சொகம் விஷயம் அட்டகாசம், நான் யோசிக்கவே இல்ல.

மூனாவது லயம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா இதே நெனப்புதான். சந்தனக் கட்டையும் நிலாவும் போச்சு, கண்ணாடியும் போச்சு. பார்மசி சிஸ்டர், க்ரீம் இந்தக் கதைக்கு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா "திரும்பக் கருத்துருவாளா"ன்னு பாசமா கேக்குற அம்மாவ வேற கதையில கட்டாயம் எழுதுவேன். அந்தப் பாரா இப்ப இப்படி இருக்கு, பாத்து சொல்லுங்க:

"ராத்திரி தகரத்துல மழை விழுந்துச்சுன்னா காலையில வாளி சத்தம் கேக்காது. நான் கண்ணத் தெறக்காமயே படுத்திருந்தேன். பக்கத்துல தங்கச்சி, அதுக்குப் பக்கத்துல அம்மா. அம்மா மேல கட்டிப்பால் நாத்தம் இல்ல, சவுக்காரம் மட்டும்தான். எனக்கு அம்மாவக் காணோம்னு இருந்துச்சு.

பத்து மணிக்கு மஞ்சள் அரைக்கிற சத்தம். தங்கச்சிக்குத்தான் மொதல்ல. அவ சிரிச்சிக்கிட்டே இருந்தா, அம்மா பாட்டு முணுமுணுத்தாங்க, தண்ணி ஊத்தி முடிச்சாச்சு. என் முறை வந்ததும் அம்மா பாட்ட நிறுத்திட்டு கைலிய தூக்கிச் செருகிக்கிட்டாங்க. காதுக்குப் பின்னால, கழுத்துல, முட்டியில, கட்டை வெரல் போன எடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துச்சு. மஞ்சள் கண்ணுல எறங்குச்சு. 'செத்த நில்லு, செத்த நில்லு'ன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. அம்மா வெரல் இடுக்குல நேத்துப் பால் கொஞ்சம் காஞ்சு ஒட்டியிருந்துச்சு, மங்கு கழுவும்போது போகாம நின்னது. அது என் கன்னத்துல ஒரசுச்சு. நான் கண்ண மூடிக்கிட்டே கையத் தூக்கி அத உரிச்சேன். அம்மா கை கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்பறம் மறுபடி தேய்க்க ஆரம்பிச்சாங்க."

வெயில்ல படுக்கிற சீன் இதுக்கு முன்னால வருது, அது இன்னும் எழுதி முடியல.

பார்மசி பொண்ணு:

"எனக்கு அம்மாவக் காணோம்னு இருந்துச்சு" இந்த எடத்துல நின்னுட்டேன். நாத்தம் இல்லாத அம்மா அந்தப் புள்ளைக்கு வேற யாரோ.

வாத்தியார்:

நல்லா வந்திருக்கு. "மெதுவாத்தான் சொன்னாங்க" எடுத்துருங்க, "செத்த நில்லு" ரெண்டு தடவை வர்றதுலயே அது இருக்கு. கை நின்ன எடத்துல தயவுசெஞ்சு அம்மாவ அழ வச்சிராதீங்க, மறுபடி தேய்க்க ஆரம்பிக்கிறதுதான் சரி.

கித்தாகாட்டு அக்கா:

தங்கச்சி, நல்லா இருக்கு, ஆனா மங்கு நாங்க கழுவ மாட்டோம். பால ஊத்தி எடுத்துட்டு வெரலால ஒரு வழி வழிச்சு மரத்துலயே கவுத்து வச்சிருவோம். கழுவுறது வாளியத்தான், ஸ்டோர்ல பால் நிறுத்துக் குடுத்தப்பறம். "வாளி கழுவும்போது"ன்னு மாத்திக்குங்க. அப்பறம் முந்தின நாளு பால் மறுநாள் பத்து மணி வரைக்கும் கையில நிக்குமான்னு யாராவது கேட்டா நிக்கும்னு சொல்லுங்க, நகத்தடியில ரெண்டு மூனு நாள்கூட நிக்கும். வெயில் சீன எழுதிட்டும் இங்க போடுங்க, சிமெண்டு மேடை எங்க லயத்துல தண்ணிக் கொழாய்கிட்டதான் இருந்துச்சு, பின்னால இல்ல, பின்னால கோழிக் கூண்டு.